பதினோராவது பாடம்

அப்பாவின் மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். முகவாயைத் தூக்கித் தலையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். வண்டியிலிருந்து இறக்கி, வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தி, வேட்டி மாற்றி, நெற்றியில் விபூதியும் பூசியாகிவிட்டது. இத்தனை கை பட்டும் அந்தப் பருக்கை யார் கண்ணிலும் படவில்லை. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த இலக்கியாதான் பார்த்தாள். நகத்தால் மெதுவாக எடுத்தாள். பழைய சோறு. மோர் வாடை கூட இன்னும் போகவில்லை.

"பாத்தீங்களா," என்று கணவன் சிவசங்கரிடம் விரலை நீட்டினாள். "வாயக்கூட தொடச்சி வுடல. அப்பிடியே வாரிப் போட்டுக்கினு போயிருக்காங்க."

சாமியானா கட்ட வந்தவர்களுக்கு மரத்தைக் காட்டிக்கொண்டிருந்த சிவசங்கர் அருகில் வந்து அவள் தோளில் கை வைத்தான். "வுடு இலக்கியா," என்றான்.

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் காலையிலிருந்து எல்லோரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னாள், வண்டிக்காரர் சொன்னார். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த பெண்கள் ஒருபடி மேலே போய், படுக்கையில் கிடந்து நாறாமல் போய்ச் சேர்ந்தாரே, நல்ல சாவு என்றார்கள். நல்ல சாவு என்று நினைக்கிறவர்கள் எழுந்து போகலாம் என்று இலக்கியா சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்கள். அவளுக்கு அழுகையே வரவில்லை. வயிற்றுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போன மாதிரி கோபம்தான் வந்தது.

காலை எட்டே முக்காலுக்கு முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. சாப்பிடும்போது புரையேறிவிட்டது, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து அவள் போய்ச் சேர்வதற்குள் முகத்தை மூடியிருந்தார்கள். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டதாம். புரையேறி ஒரு மனிதன் சாவானா? எழுபத்திரண்டு வருஷம் சாப்பிட்ட வாய். கரும்பு வெட்டுகிற ஆட்களோடு வரப்பில் உட்கார்ந்து, அவர்களைவிட ஒரு உருண்டை களி கூடவே விழுங்கிய தொண்டை. அந்தத் தொண்டைக்கு ஒரு வாய் சோறு ஊட்டத் தெரியாமல் கொன்றுவிட்டார்கள். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

தெய்வசிகாமணிக்கு ஆடி மாதம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. மகளைக் கிண்டலாக 'ஆபீசரு' என்று கூப்பிடுவார்; அதில் பாதி மட்டும் மிஞ்சியிருந்தது. "ஆபீ," என்பார். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், கால் வலித்தாலும் அதுதான். இலக்கியா வீட்டு முன்னறையில் கணினி மையம் வைத்திருந்தாள். பட்டா, வருமானச் சான்று, ரேஷன் கார்டு என்று காலையிலிருந்து வாசலில் ஆள் நிற்கும். சிவசங்கர் டவுன் பஸ் ஓட்டுகிறவன், விடியுமுன் கிளம்பிவிடுவான். இரண்டு மாதம் அவள் ஒருத்தியாகவே அப்பாவைப் புரட்டிப் பார்த்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டு அவளே ஒரு வாரம் படுத்த பிறகுதான் சின்னசேலம் ரோட்டில் இருந்த இல்லத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

அண்ணன் இளஞ்செழியன் சென்னையிலிருந்து போனில் குதித்தான். பெற்றவரை யாரோ ஒருவர் கையில் ஒப்படைப்பதா என்றான். அவனைச் சம்மதிக்க வைக்க இலக்கியாதான் சொன்னாள்: "யாரோ இல்லண்ணா. அங்க வேலை செய்யிற பன்னெண்டு பேரும் ஆன்லைன்ல ட்ரெயினிங் முடிச்சவங்க. அத்தினி பேரும் நூத்துக்கு நூறு." நம்பிக்கைக்குச் சான்றிதழ்களின் படத்தையும் அனுப்பினாள். அண்ணன் அதைப் பார்த்த பிறகுதான் சம்மதித்தான்.

இளஞ்செழியன் மத்தியானம் இரண்டரைக்கு வந்து இறங்கினான். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினான். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"யாரு ஊட்டுனது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருந்தவர் போல, இல்லத்து மேலாளர் அரங்கநாதன் மாலையும் ஃபைலுமாக வந்து சேர்ந்தார். மாலையை அப்பாவின் மார்பில் வைத்தார். ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார். பிறகு அண்ணனையும் தங்கையையும் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் பேசினார். ஊட்டியது கமலா என்கிற பெண். கல்வராயன்மலைக்காரி. அவளை இன்று காலையே வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது. அவள்மீது போலீசில் புகார் கொடுப்பதென்றால் இல்லம் கூடவே நிற்கும். ஒரு கடிதம் தயாராகக் கொண்டுவந்திருக்கிறார். தப்பு முழுவதும் பயிற்சி பெற்ற பணியாளருடையது, இல்லத்தின் மேல் குறையில்லை என்று. அப்பாவைச் சேர்த்தபோது கையெழுத்துப் போட்டது இலக்கியா என்பதால் இதிலும் அவள் கையெழுத்து வேண்டும்.

"நாங்க பண்ண வேண்டியத பண்ணிட்டோம் சார்," என்று இளஞ்செழியனிடம் ஃபைலைத் திறந்து காட்டினார். "பதினாலு பாடம். அதுல பதினோராவது பாடமே இதான். முழுங்க கஷ்டப்படறவங்களுக்கு எப்பிடி ஊட்டணும், புரையேறுனா இன்னா செய்யணும்னு. அந்தம்மா நூத்துக்கு நூறு வாங்கியிருக்காங்க. தெரிஞ்சிக்கினே ஒருத்தங்க இப்பிடி செஞ்சா நாங்க இன்னா சார் பண்றது?"

இளஞ்செழியன் கடிதத்தை வாங்கித் தங்கையிடம் நீட்டினான். "போடு பாப்பா," என்றான். "அவள உள்ள தள்ளணும்."

சிவசங்கர் பேனாவைக் கொடுத்தான். இலக்கியா வாங்கிக்கொண்டாள். கடிதத்தை வைத்து எழுத அடியில் ஏதாவது வேண்டுமே என்று அரங்கநாதன், கமலாவின் சான்றிதழ் மேலே இருக்கும்படி, ஃபைலையே நீட்டினார். சான்றிதழின் வலது மூலையில் லேமினேஷன் ஒட்டாமல் ஒரு கொப்புளம் இருந்தது.

அது இலக்கியாவின் லேமினேஷன் மெஷினில் இருக்கும் கோளாறு. வலது ஓரம் சரியாகச் சூடேறாது. அந்தப் பன்னிரண்டு சான்றிதழிலும் அந்தக் கொப்புளம் இருக்கும்.

அவள் நிமிர்ந்து அரங்கநாதனைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நம் இருவருக்கும் தெரிந்த விஷயம், நீங்கள் எங்கே வாயைத் திறக்கப்போகிறீர்கள் என்கிற நிம்மதி அந்தப் பார்வையில் இருந்தது.

சித்திரை மாதம் அது. அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்த நேரம். இல்லத்துக்கு ஆய்வுக்கு வருகிறார்கள், பணியாளர்கள் பயிற்சி முடித்திருக்க வேண்டும், எப்படியாவது இரண்டு நாளில் முடித்துக் கொடுங்கள் என்று அரங்கநாதன் ஓடிவந்தார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வீடியோ, கடைசியில் ஐந்து கேள்வி. பன்னிரண்டு பெண்களை வேனில் கொண்டுவந்து இறக்கினார். ஆளுக்கொரு ஆதார் ஜெராக்ஸும் போனும் வைத்திருந்தார்கள். போனில் வரும் ஓடிபி எண்ணை வாசிப்பது மட்டும்தான் அவர்களுடைய வேலை. மற்றதை இலக்கியா பார்த்துக்கொண்டாள். சுற்று வட்டாரத்தில் வண்டி ஓட்டப் பழக எல்எல்ஆர் தேர்வு எழுதினவர்களில் பாதிப் பேர் அவள் கையால் பாஸானவர்கள். அவளுக்கு இது புதிதல்ல.

சத்தத்தை நிறுத்திவிட்டு வீடியோவை ஓடவிட்டாள். அது பாட்டுக்கு ஓடும். இவள் பக்கத்து கணினியில் பட்டா எடுத்துக்கொண்டிருப்பாள். முதல் பெண்ணுக்கு மட்டும்தான் கேள்வியைப் படிக்க வேண்டியிருந்தது. சரியான விடைகளை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள். மற்ற பதினொரு பேருக்கும் அந்தத் தாள் போதும். இன்றைக்கும் அவளால் மனப்பாடமாகச் சொல்ல முடியும்.

ஒருத்தி மட்டும் ஓடிபி சொன்ன பிறகும் போகாமல் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியாக, முன்பல் ஒன்று உடைந்து, நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். மலைமேல் தன் ஊரில் டவர் கிடைக்காது என்றாள். இங்கேயே ஓரமாக உட்கார்ந்து சத்தத்தோடு ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள்.

வேன் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆள் காத்திருந்தார். இலக்கியா சிரித்துக்கொண்டேதான் ஏதோ சொன்னாள். இன்ன வார்த்தை என்று, பேனாவோடு நின்ற இந்த நேரத்தில் நினைவு வரவில்லை. கமலாவும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"கையெழுத்து, மேடம்," என்றார் அரங்கநாதன்.

அந்த நேரத்தில்தான் டவுன் பஸ் வந்து நின்று கிளம்பியது. அதிலிருந்து இறங்கிய ஒருத்தி ரோட்டைக் கடந்து சாமியானாவின் ஓரத்தில் வந்து நின்றாள். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. அப்பாவின் கண்ணாடியும் சீப்பும் அதிலிருந்து எட்டிப் பார்த்தன. பின்னால் மலை முழுக்கக் கார்த்திகை மேகம் இறங்கிக் கிடந்தது.

"இவதான் சார்," என்றார் அரங்கநாதன்.

இளஞ்செழியன் திரும்புவதற்குள் இலக்கியா அவளிடம் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இல்லத்தில் பார்த்த முகம்தான். அப்பாவுக்குச் சவரம் செய்து, மீசையை ஒழுங்காகக் கத்தரித்து உட்கார வைத்திருப்பவள் இவள்தான். அவளைப் பார்த்ததும் காலையிலிருந்து எரிந்த அடுப்பு அப்படியே குப்பென்று கிளம்பி வாய்க்கு வந்தது.

"சோறு ஊட்டத் தெரியாதா உனக்கு?"

தெருவே திரும்பிப் பார்த்தது.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அந்த வாக்கியத்தை அவள் முன்பே ஒருமுறை இதே ஆளிடம் சொல்லியிருக்கிறாள். சித்திரை மாதம், முன்னறையில், சிரித்துக்கொண்டு. 'பாத்து இன்னா பண்ணப் போறீங்க? வயசானவங்களுக்கு சோறு ஊட்டத் தெரியாதா உங்களுக்கு?'

கமலாவுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்னுதான் மேடம் நானும் நெனச்சிக்கினு இருந்தேன்," என்றாள்.

பிறகு, யாரும் கேட்காமலே, நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். நாலு நாளாக ஐயாவுக்கு இட்லி பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழைய சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஆசைப்படுகிறாரே என்று மோர் விட்டுக் கரைத்து எடுத்து வந்தாள். அவர் தலையணையில் சாய்ந்து கிடந்தார். எழுப்பி உட்காரவைக்காமல் அப்படியே ஊட்டினாள். நாலு வாய் நன்றாக வாங்கினார்.

"அஞ்சாவது வாய்க்கு புரையேறுச்சிங்க. தலையில தட்டினேன். பொண்ணு நெனைக்குது ஐயா, அதான் புரையேறுதுன்னேன். அவரு உங்க பேர சொன்னாரு மேடம். ஆபீ, ஆபீன்னாரு. நான் சிரிச்சிக்கினே தண்ணி குடுத்தேன்."

பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை அல்ல அது. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்கிற பார்வை.

"அந்தப் படத்துல இத பத்தி சொல்லியிருந்தாங்களா மேடம்?"

பதினோராவது பாடம், மூன்றாவது கேள்வி. புரையேறினால் முதலில் என்ன செய்ய வேண்டும்? தண்ணீர் கொடுப்பது, தலையில் தட்டுவது, முன்னால் குனிய வைத்து இரண்டு தோள்பட்டைக்கு நடுவே பலமாகத் தட்டுவது, படுக்க வைப்பது. முதல் பெண்ணுக்காகத் தேர்வு எழுதியபோது இலக்கியா யோசிக்காமல் அழுத்தியது தலையில் தட்டுவதைத்தான். சிவப்பில் தவறு, மீண்டும் முயலுங்கள் என்று வந்தது. அடுத்து தண்ணீரை அழுத்தினாள். அதுவும் சிவப்பு. மூன்றாவது பச்சையானதும் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். ஏன் தவறு என்று ஒரு நொடி நின்று யோசிக்கவில்லை. பச்சையை அதன் பிறகு பதினொரு முறை அழுத்தினாள்.

"இருந்துச்சு," என்றாள் இலக்கியா.

கமலா தலையசைத்தாள். கடைத்தெருவில் ஏதோ பொருள் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்று தெரிந்துகொண்டவள் போல அவ்வளவுதான். அழக்கூட இல்லை. அந்தத் தலையசைப்பை இலக்கியாவால் தாங்க முடியவில்லை. கமலா நாலு வசவு விட்டிருந்தால் பரவாயில்லை.

இலக்கியா திரும்பி நடந்தாள். அண்ணனுக்கு நேராக வந்து நின்றாள்.

"அண்ணா. அந்தப் பரீட்சைய இவங்க எழுதல. நான்தான் எழுதுனேன். பன்னெண்டு பேருக்கும்."

"மேடம், துக்கத்துல இன்னா பேசறோம்னு தெரியாம," என்று ஆரம்பித்தார் அரங்கநாதன்.

"தெரிஞ்சிதான் பேசறேன். ஏத்திக்கினு வந்தது நீங்க. எழுதுனது நான். படத்த பாக்கட்டுமான்னு கேட்டது இவங்க ஒருத்தங்கதான். எங்கப்பாவ கொன்னவங்க பேர எழுதணும்னா மொதல்ல எம்பேர எழுதுங்க. அடுத்து உங்க பேரு. அப்பால கொண்டாங்க, கையெழுத்து போடறேன்."

கடிதத்தை அவர் சட்டைப் பையில் செருகினாள். ஃபைலுக்காக அவர் கை நீட்டியபோது அதைக் கொடுக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அது இங்கேயே இருக்கட்டும் என்றாள். சிவசங்கர் நகர்ந்து வந்து அவளுக்கும் அவருக்கும் நடுவில் நின்றான். அரங்கநாதன் சுற்றிலும் பார்த்தார். அத்தனை கண்களும் தன் மேல் இருப்பதைக் கண்டு, கார் நின்ற பக்கம் போய்விட்டார்.

இளஞ்செழியன் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பான் என்றுதான் இலக்கியா நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போட்டோ அனுப்பினியே பாப்பா," என்றான்.

அவ்வளவுதான். போய் அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டான். அதன் பிறகு அவள் பக்கம் திரும்பவே இல்லை.

நாலரை மணிக்குப் பாடை தயாராகிவிட்டது. மழை வருமுன் எடுத்துவிட வேண்டும் என்று ஆண்கள் அவசரப்பட்டார்கள். அப்பாவின் தங்கை செந்தமிழ்ச்செல்வி, தாம்பாளத்தில் அரிசியோடு வந்து, வாய்க்கரிசி போட வேண்டிய பெண்களைக் கூப்பிட்டாள். அத்தை முதலில் போட்டாள். பெரியப்பா மருமகள்கள் போட்டார்கள். முழங்கையைச் சுற்றிக் கொண்டுபோய்ப் புறங்கையால் தள்ளி, ஒவ்வொருத்தியும் மூன்று தரம் போட்டுவிட்டு அழுதுகொண்டே விலகினாள். மூடிக் கட்டிய உதட்டின் மேல் அரிசி குவிந்து, சரிந்து, மீசைக்குள் விழுந்தது.

"பொண்ணு வாம்மா," என்றாள் அத்தை.

இலக்கியா வந்தாள். தலைமாட்டில் இளஞ்செழியன் வழியை மறித்துக்கொண்டு நின்றான். அத்தை தாம்பாளத்தை நீட்டியபடி இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பறைக்காரர்கள் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் சடசடவென்று எரிந்தது. அது எரிந்து அடங்கிய பிறகுதான் இளஞ்செழியன் ஓரடி நகர்ந்தான்.

அவள் அரிசியைக் கையில் எடுத்தாள். மீசையில் கிடந்த அரிசியை முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு, எல்லோரையும் போலக் குனிந்து போடாமல், அப்பாவின் பிடரிக்கு அடியில் இடது கையைக் கொடுத்துத் தூக்கினாள். உடம்பு விறைத்திருந்தது. தலை மட்டும் தனியாக எழவில்லை. தோளோடு, மார்போடு சேர்ந்து மரம் மாதிரி எழுந்தது.

"இன்னா பண்ற நீ? நேரமாவுதுடி," என்றாள் அத்தை.

இலக்கியா இன்னும் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கை அப்பாவின் தோளுக்கு அடியில் நுழைந்தது. மஞ்சள் பையைக் கீழே போட்டுவிட்டுக் கமலா வந்திருந்தாள். தினமும் அந்த உடம்பைப் புரட்டிப் பழகிய கை. எங்கே பிடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. இருவருமாக அவரை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள்.

இலக்கியா அரிசியை உதட்டில் வைத்தாள். கொஞ்சமாக. காத்திருந்தாள். இன்னொரு முறை வைத்தாள். மறுபடியும் காத்திருந்தாள். மூன்றாவது வைத்த பிறகும் அவரைக் கீழே விடவில்லை.

தெருமுனையில் பறையின் முதல் அடி விழுந்தது. பாடை தூக்குகிறவர்கள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்கள். அத்தை மறுபடி ஏதோ சொன்னாள்.

"இருங்கத்த," என்றாள் இலக்கியா. "ஊட்டுனதும் படுக்க வெக்கக் கூடாது."

கமலா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்துத் தோளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.